எத்தனை பேருக்கு வேலை என்பதோடு எத்தனை காலத்துக்கு என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டின் பொருளாதார வளர்ச்சி பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். உலகின் முதல் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் இந்தியாவும் ஒன்று, 2024-25-ல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது, நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அத்தனையும் உண்மை, பெருமைப்பட வேண்டியவையும்கூட. ஆனால் வேலைவாய்ப்பு என்ற பேச்சு வந்த இடங்களில் எல்லாம் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. கிடைத்த வேலை எத்தனை காலம் நிற்கிறது என்ற கேள்வியை நீங்கள் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வியை விட்டால் வேறு எதுவும் தெரியவில்லை என்று சொல்லும் அளவுக்கு அதை நான் கடலூரில் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ. என்று சொன்னால்தான் நம்மூரில் எல்லோருக்கும் புரியும். அரம் பிடிப்பதில் தொடங்கி, வெர்னியர் பார்ப்பது, பம்ப்பைப் பிரித்து பேரிங் மாற்றுவது, திரும்பப் பூட்டி அலைன்மென்ட் சரிபார்ப்பது வரை இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கும் பிரிவு. என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். கூலி வேலை செய்கிறவர்கள், முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் மீனவர்கள் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாக ஒரு சான்றிதழ் வாங்கியவர்கள் அவர்களில் நிறையப் பேர். இப்போது சிப்காட் தொழிற்பேட்டையிலும், நெய்வேலியிலும், பெண்ணையாற்றைத் தாண்டி கிருமாம்பாக்கம், சேதராப்பட்டு என்று புதுச்சேரிப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளிலும் வேலை பார்க்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களைவிட, கைப்பேசியை நீட்டி "சார், இந்த பி.எஃப். கணக்கைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்படி வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். 2012-ல் பிட்டர் முடித்தவர். அன்று முதல் இன்று வரை ஒரே தொழிற்சாலை, ஒரே கேட், ஒரே பம்ப் ஹவுஸ். ஆனால் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் அதில் வரிசையாக வேறு வேறு நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. எல்லாமே ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர்கள். இவர் இடம் மாறவே இல்லை, காண்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறை மாறும்போதும் கணக்கில் ஒரு புது உறுப்பினர் எண். இரண்டு எண்களுக்கு நடுவில் சில மாதம் ஒன்றுமே இல்லை. அந்த மாதங்களில் கேட் பாஸ் புதுப்பிக்காமல் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்களாம். வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே, என்ன செய்வார்? அன்றைய விதிப்படி இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் பணம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்பதால், இரண்டு முறை பி.எஃப். பணத்துக்கான படிவம் 19-ம் ஓய்வூதியப் பங்குக்கான 10-சியும் கொடுத்து எடுத்திருக்கிறார். 10-சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால், அதுவரை பார்த்த சேவைக்காலம் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருடச் சேவை வேண்டும். அத்தனை வருடம் ஒரே பம்ப் ஹவுஸில் நின்றவருக்குக் கணக்கில் அதில் பாதிகூட நிற்கவில்லை. ஒரு காண்ட்ராக்டர், சம்பளத்திலிருந்து 12 சதவீதத்தைப் பிடித்திருக்கிறார், சம்பளச் சீட்டில் அது இருக்கிறது, பாஸ்புக்கில் இல்லை. அந்த ஆள் இப்போது தொழிலிலேயே இல்லை.

வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டியும் இதே கதைதான். சட்டப்படி ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் வரவேண்டும். காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தால் ஐந்து வருடம் யாரிடம் முடியும்?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1981-ல் நம் சட்டமன்றம் இயற்றிய, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர் சேவை செய்த தொழிலாளி நிரந்தரமானவர் என்று அது சொல்கிறது. தொழிற்சங்கத்துக்காரர்கள் '480 நாள் சட்டம்' என்பார்கள். என் பையன்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'பிரேக்' என்ற வார்த்தை. "சார், அடுத்த மாசம் எனக்கு பிரேக்" என்று, தீபாவளி எப்போது என்று சொல்கிற மாதிரி இயல்பாகச் சொல்கிறார்கள். அந்த 480-ஐ எட்டவிடாமல் தடுப்பதற்குத்தான் பிரேக். அதையும் தாண்டி யாராவது கேட்டால், எந்த முதலாளியிடம் 480 நாள் என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. நீதிமன்றம் போக வேண்டும். வழக்கு நடக்கும் வருடங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி? தவிர, நம் சட்டம் நம் மாநிலத்துக்கு மட்டும்தான். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி வேலைக்குப் போகிறவனுக்கு அது செல்லாது.

இது என் மாணவர்களின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஐந்து தொழிலாளர்களில் ஒருவர் ஒப்பந்த ஆள். 2023-24 கணக்கெடுப்பில் அது 42 சதவீதம். தொழிற்சாலைகள் பெருகின, உற்பத்தி பெருகியது, ஏற்றுமதி பெருகியது. அதே காலத்தில் கம்பெனி ஆளின் பங்கு குறைந்து காண்ட்ராக்ட் ஆள் இரண்டு மடங்குப் பங்காகிவிட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களிலும், விவசாயம் நீங்கலாகப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்தில் எந்த வேலை ஒப்பந்தமும் கிடையாது என்று அரசின் தொழிலாளர் ஆய்வே சொல்கிறது. வளர்கிற பெரிய நாடு ஒன்றில் மக்கள் வயலை விட்டுத் தொழிற்சாலைக்குப் போவார்கள், வாழ்க்கை உயரும் என்பதுதான் எல்லோரும் படித்த பாடம். இங்கே இன்னும் உழைப்போரில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று பொருளாதார நிபுணர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை நான் சொல்கிறேன். பிரேக் விடும் மாதங்களில் திரும்பிவர ஓர் இடம் வேண்டும். அதனால் அப்பாவின் அரை ஏக்கரை யாரும் விடமாட்டார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் போனால், நாற்று நட ஆள் இல்லாத நாளில் வரப்பில் நிற்கிறவர்களில் பிட்டரும் வெல்டரும் இருப்பார்கள்.

இதனால் தொழிலாளிக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். தொழிலுக்கும் நஷ்டம் என்பதைத்தான் நான் ஒரு பயிற்றுநராக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐ.டி.ஐ.யில் நாங்கள் கற்றுக்கொடுப்பது தொடக்கம் மட்டும்தான். மீதியை மனிதன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுதான் கற்கிறான். ஒரு பம்ப்பில் கிளாண்ட் பேக்கிங், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைக் கட்டுப்படுத்தும் கயிற்று வளையங்கள், போடுவதைப் பாருங்கள். கயிற்றை எந்த நீளத்துக்கு வெட்டுவது, ஒவ்வொரு வளையத்தின் இணைப்பையும் எப்படித் தள்ளித் தள்ளி வைப்பது என்பதை ஒரு பிற்பகலில் காட்டிவிடலாம். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது வேறு விஷயம். சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசிய விடவேண்டும். கசிவே இல்லாமல் இறுக்கினால் தண்டு சூடாகி ஸ்லீவ் தேய்ந்துவிடும். எந்தப் பம்ப்புக்கு எவ்வளவு சொட்டு என்பது அந்தப் பம்ப்புடன் சில வருடம் இருந்தவனுக்குத்தான் தெரியும். பேரிங் போகப்போகிறதா என்பதையும் ஸ்குரூ டிரைவரின் முனையைப் பம்ப்பின் உடலில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தே சொல்லிவிடுவான் அனுபவஸ்தன். அவனை பிரேக் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் நேற்று வந்த ஒரு பையனை நிறுத்தினால் என்ன ஆகும்? அந்த பேரிங் ஓடுகிறவரை ஓடி ஒருநாள் நள்ளிரவில் இறுகி நின்றுவிடும். மோட்டார் எரியும், உற்பத்தி நிற்கும். அந்த நஷ்டத்தை யார் கணக்கிலும் காண்ட்ராக்ட் முறையின் செலவு என்று எழுதமாட்டார்கள்.

பாதுகாப்பும் இதோடு சேர்ந்ததுதான். நம் சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகள் அதிகம். ஒரு பைப்லைனைப் பிரிப்பதற்கு முன் எந்த வால்வை மூட வேண்டும், உள்ளே என்ன மீந்திருக்கும், வொர்க் பர்மிட்டில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பழகியவனுக்கு அனிச்சையாக வரும். புதியவன் மேஸ்திரி சொன்னதைச் செய்வான். 2021 மே மாதம் சிப்காட்டில் நடந்த விபத்தில் நான்கு உயிர்கள் போயின. அதற்கு முந்தைய வருடம் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு முறை, ஜூலை 1-ல் ஒரு முறை என்று இரண்டு தடவை கொதிகலன் வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்த விபத்துகளுக்கு ஒப்பந்த முறைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு விசாரணைகள் இருக்கின்றன. ஆபத்தான வேலைக்கு அருகில் நிற்பது யார் என்பதைத்தான் சொல்கிறேன். "இது சரியில்லை, நான் ஏற மாட்டேன்" என்று நிரந்தர ஆள் சொல்லலாம். காண்ட்ராக்ட் ஆள் சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். இவர்களுக்கு வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்காது. கம்பெனி சம்பளச் சீட்டு கேட்பார்கள், காண்ட்ராக்டர் சீட்டைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நகைக்கடன், மனைவி பெயரில் குழுக்கடன், அதுவும் போதாவிட்டால் தினத் தண்டல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும், 2015-ல் வெள்ளம் வந்தபோதும் பார்த்தேன். ஆலைகள் மூடியிருந்த நாட்களுக்கு கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் வந்தது. அதே கூரையின் கீழ் வேலை செய்த காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. தானேயில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததால், திரும்பிப் போக இருந்த தோப்பும் அந்த வருடம் இல்லாமல் போனது.

பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி "பர்மனென்ட்டா?" என்பதுதான். இல்லை என்றால் பேச்சு அதோடு முடியும். பெண்ணைப் பெற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பெண்ணைப் பெற்றவன்தான். நிரந்தர வேலை என்று ஒன்று மிச்சமிருப்பது அரசாங்கத்தில் மட்டும்தான் என்ற முடிவுக்கு ஊர் வந்துவிட்டது. அதனால்தான் 2024 குரூப் 4 தேர்வில் 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் பிட்டர்களும் இருந்தார்கள், இன்ஜினியரிங் படித்தவர்களும் இருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கை பழக வேண்டியவன், நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவன் தன் அண்ணனின் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தியாவில் வேலை இல்லாதவர்களில் 83 சதவீதம் பேர் இளைஞர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இருப்பதைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை பல மடங்கு அதிகம் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. படித்தவன் காத்திருக்கிறான். எதற்காகக் காத்திருக்கிறான் என்பதுதான் மேலே சொன்னது.

பெண்களின் நிலை இன்னும் கொடுமை. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம், சரி. பேறுகாலத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது, அதுவும் சரி. என்னிடம் படித்த ஒரு பெண், அருகே ஓர் ஊரில் மின்னணு உதிரிபாகம் பூட்டும் வேலையில் இருந்தார். உண்டாகியிருக்கிறார் என்று தெரிந்த சில வாரங்களில் ஒப்பந்தம் முடிந்தது, புது ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாரும் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். 26 வாரம் யாரிடம் போய்க் கேட்பது? நன்றாகக் கை ஓடும் பெண் அவர், இப்போது வீட்டில் இருக்கிறார். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு இந்தப் பேச்சே அந்நியம். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். நம் மாவட்டத்தின் முந்திரி எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. அதை உடைத்தவருக்கு பி.எஃப். என்றால் என்னவென்று தெரியாது.

புதுச்சேரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1936 ஜூலை 30-ல் அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் அவர்கள் அவ்வளவு விலை கொடுத்துத்தான் எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். அதே புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும் என் மாணவர்கள் இன்று பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறார்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டத்தில் இருக்கிறது. இவர்களுக்குக் கிடைப்பது ஒற்றைதான், சில இடங்களில் அதுவும் டிபன் காசாகப் போய்விடுகிறது. 2023-ல் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர மசோதா வந்தபோது எதிர்ப்பு எழுந்தது, முதலமைச்சர் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் காண்ட்ராக்ட் ஷிப்ட்டுக்கு அந்த மசோதா தேவைப்படவே இல்லை.

புதுச்சேரியின் நூற்றாண்டு கடந்த ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-ல் மூடப்பட்டதையும் நினைத்துப் பார்க்கிறேன். முதலியார்பேட்டைப் பக்கம் அந்த ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து டாக்டராக்கிய, வாத்தியாராக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சுற்றியும், நெய்வேலி டவுன்ஷிப்பிலும் அதே கதைதான். ஒரு தலைமுறை நிரந்தரச் சம்பளத்தில் இருந்தால் அடுத்த தலைமுறை மேலே ஏறுகிறது. நான் கண்ணால் பார்த்த வளர்ச்சி அதுதான்.

முதலாளிகளின் தரப்பையும் கேட்டிருக்கிறேன். என் மாணவர் ஒருவர் சொந்தமாகச் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். "சார், ஆர்டர் இருக்கிற மாசம் பத்து ஆள் வேணும், இல்லாத மாசம் மூணு ஆளுக்கே வேலை இல்லை. எல்லாரையும் எப்படி நிரந்தரமாக்குவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய ஆலைகளிலும் வருடத்துக்கு ஒரு முறை ஷட்டவுன் எடுக்கும்போது சாரம் கட்ட, பெயின்ட் அடிக்க, பாய்லரைச் சுத்தம் செய்யக் கூடுதல் ஆள் வேண்டும். அதற்குக் காண்ட்ராக்ட்தான் சரி. நான் கேட்பது வருடம் முழுக்க ஓடும் பம்ப்புக்கு. அது நிற்காமல் ஓடும்போது அதைப் பார்த்துக்கொள்கிறவன் மட்டும் எப்படித் தற்காலிகம் ஆவான்? 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே, வேலை நிரந்தரத் தன்மை உள்ளதா என்பதைப் பார்த்துத்தான் ஒப்பந்த முறையைத் தடை செய்வது பற்றி அரசு முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் தடை செய்தாலும் அந்தத் தொழிலாளர்கள் தானாகவே கம்பெனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்த முறை பெருகியதில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறித்தகால ஊழியருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்று அதில் இருப்பதை நான் வரவேற்கிறேன். நியமனக் கடிதம் கட்டாயம் என்பதும் நல்லது. அதே தொகுப்புகளில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 ஆக உயர்த்திவிட்டார்கள். நம் சிப்காட்டில் ஆள் சப்ளை செய்பவர்களில் முப்பது, நாற்பது பேரை வைத்திருப்பவர்கள் ஏராளம். ஐம்பதுக்கு மேல் இருப்பவரும் மச்சான் பெயரில் இன்னொரு காண்ட்ராக்ட் எடுத்தால் தீர்ந்தது.

வடக்கிலிருந்து வருகிறவர்களால்தான் இதெல்லாம் என்று நம்மூரில் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பையன் இதே காண்ட்ராக்டரிடம் இதைவிடக் குறைந்த கூலிக்கு, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து வேலை செய்கிறான். நம் பையன்கள் ஏஜென்டுக்குப் பணம் கட்டி சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போவதைப் போலத்தான் அவனும் இங்கே வந்திருக்கிறான்.

தனியார் கம்பெனியை மட்டும் சொல்லி அரசை விட்டுவிட மாட்டேன். துப்புரவுப் பணி, மருத்துவமனை வேலைகள், கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று அரசாங்கமே வருடக்கணக்கில் தற்காலிக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறது. நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பொதுத்துறையில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே தலை நரைப்பதை நெய்வேலிப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் தற்காலிகமாகத் துப்புரவு வேலை பார்த்த பெண்களின் வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி, அரசு நிறுவனங்கள் தற்காலிக ஒப்பந்தத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தது. முடியாத காரியம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நம் மாநில மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக நீதிபதி காலித் கமிஷன் அமைத்து, ஆயிரக்கணக்கானோரை நிரந்தரமாக்கினார்கள். மின்வாரியம் அதனால் மூழ்கிவிடவில்லை. புயலடித்த மறுநாள் கம்பத்தில் ஏறியவர்களில் அவர்களும் உண்டு.

அப்புறம், உங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு கோரிக்கை. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, சுமார் 26.9 லட்சம் பேருக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் வேலை என்று அறிவித்தார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டீர்கள். இனி அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது, உங்கள் நிருபர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். இதில் கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் வரப்போகிறவர்கள் எத்தனை பேர்? பதில் சொன்னால் அதையும் அதே எழுத்தில் போடுங்கள். சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்று போடுங்கள். நிலம், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் மக்கள் பணத்தில் கொடுக்கும்போது இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மாநில அரசு 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோவும் கணினிவழிக் கடைசல் இயந்திரங்களும் வந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் காலத்தில் இது கனவு. அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளை எங்கே சேர்ந்தான் என்று மட்டும் பதிவு செய்யாமல், மூன்று வருடம் கழித்து எங்கே இருக்கிறான், யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறான் என்பதையும் அரசு பதிவு செய்து வெளியிட வேண்டும். வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது, இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தொழிலாளர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பாருங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியான கம்பெனிதான் பி.எஃப். கட்டப் பொறுப்பு, அதை எழுத்தில் கேளுங்கள். காண்ட்ராக்டர் மாறும்போது 10-சி கொடுத்து ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடாதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கையில் காசில்லாத மாதத்தில் இதைச் சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து இன்னும் ஆயிரம் ரூபாயிலேயே நிற்கிறது, அதற்காகவா இவ்வளவு என்று கேட்பீர்கள். அந்த ஆயிரத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்கவும் கணக்கில் பெயர் இருக்க வேண்டும்.

உங்கள் கடலூர் நிருபர் விரும்பினால் என் வீட்டுக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் இல்லாத பையன்கள் வருவார்கள். பெயரையும் கம்பெனியையும் வெளியிடுவதில்லை என்று உறுதி கொடுத்தால், பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட அவர்களில் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். என் பெயரையும் போட வேண்டாம். யாரிடம் படித்தவர்கள் என்று தெரிந்தால், யார் பேசினார்கள் என்றும் தெரிந்துவிடும். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர், பிட்டர் பிரிவு
செம்மண்டலம், கடலூர்